கூந்தல் இழப்பும் ஊழ்வினையும்

திருச்சிற்றம்பலம்

உயிர்கள் நுகரும் இன்ப துன்பங்கட்கு அவ்வவ்வுயிர் முன்னர் ஈட்டிய வினையே ஏதுவாம் என்பதும், அறிவற்றதாகிய வினை தானே சென்று உயிரைப் பற்றாது, இறைவன் கூட்டவே கூடும் என்பதும் சித்தாந்த சைவர் யாவர்க்கும் ஒப்ப முடிந்தனவாம். இதன்கண் ஐயுறவு இல்லை. ஐயுறற்பாலது, அக்கொள்கையை எவர், எவரை நோக்கி, எவ்விடத்து எடுத்து வழங்குதல் தகும் என்பதொன்றே. தன் துன்பத்தை நோக்கி 'இஃது என் வினை' என்று ஒருவன் அமைவதும், பிறள் துன்பத்தை நோக்கி 'அஃது அவள் வினை' என்று கூறி அவன் அப்பாற் செல்வதும் சொல்லளவில் ஒன்றுபோலத் தோன்றினும் பொருளளவில் முற்றும் வேறாம். இவ்வேறுபாட்டை உயிர்க்கு இறுதி விளைக்கும் பெருநோய்களில் வைத்து ஆராய்வார் பலர். பலரும் சிறிதென்று எண்ணி நகையாடி விடுவதோர் இடரில் வைத்து ஆராய்தல் ஈண்டு மேற்கொள்ளப்படுகின்றது. மகளிர்க்குக் காரணம் புலப்படாது கூந்தல் உதிர்தலே அவ்விடராம்.

இதன் துன்பம் ஆடவர் பலர்க்கு எளிதில் விளங்காது. ஆடவன் தலை வழுக்கையாயின் ஊரார் ஒருநாள் நகைத்து மறுநாள் மறப்பர். அதனை அறிவின் அடையாளம் என்று கூறி மகிழ்வாரும் உளர். பெண்ணின் நிலை அத்தன்மைத்தன்று. தலைவாருங்காற் சீப்பிற் சிக்கும் மயிர் நாடோறும் மிகுகின்றது. தலைமுழுகிய நீர் வடியும் வாய் மயிர்ச்சுருளால் அடைபடுகின்றது. வகிடு அகன்று தோல் வெளிப்படுகின்றது. அல்லது ஒருநாட் காலையில், தலையின் ஓரிடம் காசளவாக வழுவழுத்துக் காணப்படுகின்றது. எண்ணெய் மாற்றப்படுகின்றது, பத்தியம் காக்கப்படுகின்றது, குருதி ஆராயப்படுகின்றது, குறை ஒன்றும் இல்லையென விடை வருகின்றது. நோய் உண்டெனின் அதன் பெயரைச் சொல்லியேனும் அழலாம். குறையில்லை என்ற விடையோடு உதிர்வு மட்டும் நில்லாது நடக்குமாயின், அவள் எதனை நோவாள்? அந்நிலையிற் சுற்றத்தார் கூடி, 'முற்பிறப்பில் யார் குடியைக் கெடுத்தாளோ' என்றும், 'எந்தத் தெய்வக் குற்றமோ' என்றும் பேசத் தொடங்குவர். மங்கல மனையில் வெற்றிலையும் மஞ்சளும் பூவும் வழங்குவார், அவள்முன் வந்தவுடன் பூவை எடுத்த கையைச் சற்றே தயங்க நிறுத்துவர். அத்தயக்கம் நொடிப்பொழுதினது. அவள் அதனை ஆண்டுக்கணக்கில் மறவாள்.

கணவனை இழந்த மகளிர் தலையை மழிக்கும் கொடிய வழக்கம் சில குலங்களில் இருந்து ஒழிந்தது. வழக்கம் ஒழிந்தும் அது மக்கள் உள்ளத்தில் ஊன்றிச் சென்ற எண்ணம் முற்றும் ஒழிந்திலது. மயிரற்ற பெண்டலை அமங்கலம் என்று கண் தானே முடிவு செய்துவிடுகின்றது. ஆயின், பழனியிலும் திருத்தணிகையிலும் முடிகாணிக்கை செலுத்தி மீளும் பெண்ணின் தலையிற் சந்தனம் பூசியிருக்கக் கண்டால், அதே கண் அவளைப் புண்ணியவதி என்று போற்றுகின்றது. இரண்டு தலையும் ஒரு தன்மையவே. ஒன்றை விரதமென்றும் ஒன்றைப் பாவமென்றும் பிரித்துக் காண்பது காண்பாரது கருத்தேயன்றித் தலையில் எழுதப்பட்டதன்று.

'மயிர் உடம்பின் கழிவுகளுள் ஒன்று. அதற்கோ இத்துணை இரக்கம்' என்பாரும் உளர். அவர் கூற்று நூல்வழக்கிற்கும் உலகவழக்கிற்கும் ஒவ்வாது. கச்சி ஏகம்பத்தில் அம்மை ஏலவார்குழலி எனப் பெயர் பெறுகின்றாள். சிராப்பள்ளியில் மட்டுவார்குழலி எனப்படுகின்றாள். திருவாலங்காட்டில் வண்டார்குழலி என்று வணங்கப்படுகின்றாள். சங்கத்தில் இறைவனுக்கும் நக்கீரர்க்கும் எழுந்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறும் வழக்கும், மகளிர் கூந்தற்கு இயற்கை மணம் உண்டோ இல்லையோ என்பது பற்றியதேயன்றோ? தெய்வத்தின் பெயரிலும் புலவர் வழக்கிலும் இத்துணைப் போற்றப்பட்டதொன்றை இழந்தவள் வருந்தும்போது மட்டும் அதனைக் கழிவென்பது நேர்மையாகாது. பெண் பார்க்கச் சென்று பின்னலின் நீளத்தைக் கண்ணால் அளந்து வந்தாரே, பின்னல் மெலிந்த பின்னர் அவளுக்கு யாக்கை நிலையாமையை எடுத்துரைக்கின்றனர். யாக்கை நிலையாமை உண்மையே. அதனைச் சொல்லும் வாய்தான் பொருந்துகின்றிலது.

இனி, வள்ளுவனார் மானத்தைப் பற்றிய அதிகாரத்திற் கூறிய கவரிமாவை எடுத்துக்காட்டி, மயிர் போயின் வாழ்வும் போயிற்று என்னும்படி பேசுவாரும் உளர். ஆண்டு மயிர் உவமை, மானமே பொருள். உவமையைப் பொருளாக்கிக் கொள்வார் அக்குறளைப் படித்தவராகார். அதனைக் கேட்டு ஓர் இளம்பெண் தன் உயிரை வெறுப்பாளாயின், அப்பழி அதனைச் சொன்னவரையே சாரும்.

வினை எவ்வழியாற் கூட்டப்படுகின்றது என்பதை அறிதலும் அறிவேயாகலின், இந்நாளைய மருத்துவ நூலார் கண்டவற்றையும் ஒரு சிறிது நோக்குதல் வேண்டும். மக்கள் தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்கள் உள. அவற்றுள் ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வரை வளர்ந்து, பின் சின்னாள் ஒடுங்கி, ஏறத்தாழ 3 திங்கள் ஓய்ந்திருந்து உதிரும். உதிர்ந்த காலினின்றே புதிய மயிர் எழும். நாளொன்றிற்கு 50 முதல் 100 வரை உதிர்தல் இயல்பேயாம். மகப்பேறு, கடுஞ்சுரம், அறுவை மருத்துவம், உணவை ஒருங்கே குறைத்தல், பெருந்துயர் என்றிவை நேருமாயின், வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்களுட் பல ஒருங்கே ஓய்வுநிலையை எய்தி, 2 அல்லது 3 திங்கள் கழித்துக் கொத்தாக உதிரும். 2020-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவிய கொரோனாத் தொற்றின் பின்னர் மகளிர் பலர் இங்ஙனம் கூந்தல் உதிரக் கண்டு அஞ்சினர். அவருட் பெரும்பாலார்க்கு மீளவும் முளைத்தது. இரும்புச் சத்துக் குறைதலும், தைராய்டுச் சுரப்பி தன் தொழிலிற் பிறழ்தலும் உதிர்விற்குப் பிற ஏதுக்களாம்.

ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. இவ்வகை உதிர்விற் காரணம் நிகழ்ந்த காலத்திற்கும் காரியம் தோன்றும் காலத்திற்கும் இடையே 3 திங்கள் சென்றுவிடுகின்றது. அதனால் நோயுற்றவளே தன் காரணத்தை மறந்து, 'ஏதுமின்றி உதிர்ந்தது' என்கின்றாள். இவ்வுடம்பிலேயே, 3 திங்கட்கு முன் நிகழ்ந்ததை அதனை உடையவளே அறியமாட்டாளாயின், பல பிறவிகட்கு முன் வேறோர் உடம்பில் நிகழ்ந்ததை அண்டைவீட்டார் அறிந்து கூறுதல் யாங்ஙனம் கூடும்?

இனி, உண்மையாகவே காரணம் முற்றும் விளங்காதனவும் உள. நம் நாட்டார் புழுவெட்டு என்று கூறும் நோயிற் புழு ஒன்றும் இல்லை. உடம்பைக் காத்தற்கு அமைந்த வெள்ளணுக்களே மயிர்க்காலைப் பகையென மயங்கித் தாக்குகின்றன. நூற்றுவருள் ஏறத்தாழ இருவர்க்கு வாழ்நாளில் ஒருகால் இது நேரும். தாக்கும் வழி அறியப்பட்டது. அவை ஏன் மயங்குகின்றன என்பது இன்னும் முழுதும் துணியப்படவில்லை. மயிர்க்கால் அழியாது நிற்றலின் இதன்கண் ஆண்டுகள் பல கழித்தும் மயிர் முளைத்தல் உண்டு. 1994-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஸ்டீவன் கோசார்ட் என்பார் வேறொரு வகையை விளக்கி எழுதினார். மாதவிடாய் நின்ற மகளிர்க்கே பெரும்பாலும் வருவது அது, நெற்றியின் மேலெல்லை சிறிது சிறிதாகப் பின்வாங்கும், மயிர்க்கால் தழும்பாகி மாயும், மாய்ந்தது மீளாது. அதன் காரணமும் இன்றுகாறும் துணியப்பட்டிலது. ஆயினும், காலத்தே மருத்துவரை அடைந்தார்க்கு எஞ்சியதைக் காக்கும் வழி உண்டு. 'தலையெழுத்து' என்று வாளாவிருந்தவள் அவ்வழியையும் இழக்கின்றாள். ஆகவே, வினை என்னும் சொல்லை இடமறியாது வழங்குதல் மனத்தை மட்டுமன்றி, மீட்டற்குரிய மயிர்க்காலையும் கெடுக்க வல்லதாதல் காண்க.

'வினைப்பயன் நுகர்ந்தே தீர்தல் வேண்டும். மருந்துண்டு விலக்க முயலுதல் இறைவன் ஆணையைத் தடுப்பதாகாதோ' எனின், ஆகாது. என்னை? பசியும் வினைப்பயனாய் வந்த உடம்பின்கண்ணதே. அதனை உணவால் தணித்தலை எவரும் தடுத்திலர். நோய் வினைவழி வந்தாற்போலவே மருந்தும் மருத்துவனும் வினைவழியே வந்து கூடுவர். குருதியழுத்தம் தணித்தற்கு ஆக்கப்பட்ட மினாக்சிடில் என்னும் மருந்து உண்டார் மேனியில் மயிர் வளர்தலைக் கண்டு, அதனைத் தலையிற் பூசும் மருந்தாக்கினர். அமெரிக்க நாட்டில் 1991-ஆம் ஆண்டில் மகளிர் பயன்கொள்ளற்கும் அதற்கு இசைவு தரப்பட்டது. கடும் புழுவெட்டிற்குப் பாரிசிட்டினிப் என்னும் மருந்து 2022-ஆம் ஆண்டில் அந்நாட்டில் இசைவு பெற்றது. இவை எல்லார்க்கும் பயன்படுமென்பதில்லை. பயன்படுமாயின் அதுவும் திருவருட் செயலே. நோயை மட்டும் இறைவன் தந்தான் என்று கொண்டு, மருந்தை மக்கள் தந்தனர் என்று பிரித்தல் சித்தாந்தமாகாது.

நுகர்வினை தெய்வத்தான் வருவதும், உயிர்களான் வருவதும், பூதங்களான் வருவதும் என மூவழியாற் கூடும் என்று நூல்கள் கூறும். ஆகலின், 'இரும்புச் சத்துக் குறைந்ததனால் உதிர்ந்தது' என்னும் மருத்துவன் கூற்றும், 'வினையால் உதிர்ந்தது' என்னும் சித்தாந்தி கூற்றும் தம்முள் மாறுகொள்வன அல்ல. ஆயின், முன்னது வினாவிற்கு விடையாகும். பின்னது அவ்வினாவிற்கு விடையாகாது. குடம் எதனால் உடைந்தது என்று வினவினார்க்கு, 'மண்ணால் ஆனமையின் உடைந்தது' என்று கூறுதல் பொய்யன்று. வினவியதற்கு விடையும் அன்று. உயிர்கள் துன்புறுதற்குப் பொதுவாகக் காரணம் யாது என்பதற்கே வினைக்கொள்கை விடை தருகின்றது. இன்ன பெண்ணின் கூந்தல் இன்ன திங்களில் இன்ன தீவினையால் உதிர்ந்தது என்று காட்டித் தருதற்கு அஃது எழுந்ததன்று. எவ்வுயிர்க்கு எவ்வினை, எப்பயன், எக்காலத்து என்று அளந்து கூட்டும் அறிவு முற்றறிவினனாகிய முதல்வன் ஒருவற்கே உரியது. மலத்தான் மறைப்புண்டு கிடக்கும் சிற்றறிவுயிர் ஒன்று, தன் அண்டைவீட்டாளின் வினைக்கணக்கைத் தான் படித்ததுபோலப் பேசுமாயின், அது வினைக்கொள்கையை மேற்கொண்டதாகாது. முதல்வன் இருக்கையில் தான் ஏறி இருந்ததேயாகும். ஆணவம் என்பது வேறு எங்கும் இல்லை.

இதனை வலியுறுத்தற்குத் திலகவதியம்மையார் வரலாறொன்றே சாலும். அவர்தம் தம்பியார் மருணீக்கியார் சைவம் விட்டுச் சமணஞ் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயரொடு அவர் பள்ளியில் தலைமை எய்தியிருந்தார். பின்னர்ச் சூலைநோய் அவரைப் பற்றியது. உலகத்தார் கண்கொண்டு நோக்கின், இதனினும் தெளிவாகக் காரணமும் காரியமும் பொருந்திக் காட்டும் நோய் பிறிதில்லை. 'நெறி மாறினான், நோயுற்றான்' என்று எவரும் எளிதிற் சொல்லிவிடுவர். ஆயின் உண்மை யாது? தமக்கையார் வேண்டுகோட்கு இரங்கிய இறைவன் கனவில் தோன்றி, அவர் தம்பி முற்பிறப்பில் தன்னை அடையத் தவம் முயன்றான் என்றும், அதனால் அவனைச் சூலை கொடுத்து ஆட்கொள்வோம் என்றும் அருளினான் எனச் சேக்கிழார் கூறுகின்றார். அந்நோய் முன்செய் தவத்தின் வழி வந்தது! பாவத்தைக் கண்டோம் என்பார் கண்டிருப்பது பொய்யாகவே முடிந்திருக்கும். நோயுற்றார் உடம்பில் தோன்றுவதைக் கொண்டு அதன் வித்து நல்வினையோ தீவினையோ என்று துணிதலும் மக்கட்கு ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

மேலும் நோக்குக. இறைவன் வாயிலாகவே காரணத்தைக் கேட்டறிந்தவர் அவ்வம்மையார். சமணர் பள்ளிக்கு வர இசையாராயினும், தம்பியார் இரவில் வந்து தம் திருவடியில் வீழ்ந்தபோது, 'நீ விட்டுச் சென்றதன் பயன் இது' என்று ஒரு சொல்லும் சொன்னாரல்லர். எடுத்தார்; திருநீறு அளித்தார்; திருவதிகை வீரட்டானத்திற்கு உடன்கொண்டு புக்கார். தம்பியாரோ, ஆண்டு அருளிய பதிகத்தின் தொடக்கத்திலேயே தாம் செய்த கொடுமைகள் பல என்றும், அவற்றைத் தாம் அறியமாட்டாமை உண்டென்றும் கூறி முறையிடுகின்றார். துன்புற்றவர் தம் வினையைத் தாம் கூறிக்கொள்ளலாம். அதுவும் அறியேன் என்னும் அளவிலேயே நிற்கின்றது. அருகிருந்தவர் கூறியது திருநீற்றின் வழியேயன்றிச் சொல்லின் வழியன்று.

ஆளுடைய பிள்ளையார் திருப்பாச்சிலாச்சிராமத்திற்கு எழுந்தருளியபோது கண்டதும் ஒரு பெண்ணின் துன்பமே. கொல்லி மழவன் என்னும் குறுநில மன்னன், முயலகன் என்னும் நோயுற்ற தன் மகளை எம்மருத்துவத்தாலும் தீர்க்கமாட்டாது, இறைவன் திருமுன்னர்க் கொண்டுவந்து இட்டிருந்தான். உணர்வழிந்து கிடந்த அப்பெண்ணைக் கண்ட பிள்ளையார் வினவினார். எவரை வினவினார்? 'இவள் என் செய்தாள்' என்று தந்தையை வினவினாரல்லர். இப்பெண்ணை இங்ஙனம் வாடச் செய்தல் உமது பெருமைக்குத் தகுமோ என்று பாட்டுத்தோறும் இறைவனையே வினவினார். அடியார் வழக்கு இதுவாம்: காரணத்தை உயிரின்மேற் சுமத்தாது கருணையை இறைவன்பால் வேண்டிக்கொள்ளுதல். சைவர்மனையில் ஒரு பெண் கூந்தலிழந்து இருளறையில் அமர்ந்திருப்பாளாயின், அங்குச் செல்வார் எவ்வாறு வினவல் வேண்டும் என்பதற்கு இப்பதிகத்தினும் மேலாய பிரமாணம் வேண்டா.

திருக்கொடிமாடச் செங்குன்றூரில் நிகழ்ந்ததும் இதனோடு ஒத்தது. அடியார் பலர் குளிர்சுரத்தால் வருந்தினர். அஃது அந்நிலத்தின் இயல்பு என்பதைப் பிள்ளையார் மறுத்தாரல்லர். இயற்கைக் காரணத்தை ஏற்றுக்கொண்டே திருநீலகண்டப் பதிகம் அருளினார். அவ்வினைக்கு இவ்வினை பயன் என்று சொல்லத் தெரிந்தும் உய்யும் வழியை நாடாதிருத்தல் ஊனமாம் என்பது அதன் தொடக்கத்துக் கருத்து. ஊனம் என்னும் சொல் ஆண்டு நோயுற்றாரைச் சுட்டி நின்றதன்று; வினையென்று சொல்லிவிட்டு வாளாவிருப்பாரைச் சுட்டி நின்றது. தலைவன் மாதொருபாகனாய், ஒரு பாதி சடையும் ஒரு பாதி குழலுமாய் நிற்கும் அத்தலத்தில் அச்சொல் பிறந்தமை ஈண்டு நினைத்தற்கு இனியது.

இந்நாளிற் புதிதாய் எழுந்த பழிச்சொல் ஒன்றும் உண்டு. வினையை நம்பாதவர், 'நீ கவலைப்படுவதனாலேயே உதிர்கின்றது. கவலையை விடு' என்பர். பெருந்துயர் உதிர்விற்கு ஏதுவாதல் உண்மையே. ஆயினும், கூந்தல் உதிர்தலால் வந்த கவலையையே அதன் காரணமாக்கி அவள்மேற் சுமத்துதல், முன்னையோர் முற்பிறப்பைக் காட்டியதினும் கொடிது. முற்பிறப்பை அவள் மறந்தாள். இக்கவலை ஒவ்வொரு காலையும் சீப்பொடு வருகின்றது. பழையவர் பாவி என்றனர்; புதியவர் மனவலியில்லாதவள் என்கின்றனர். பெயர் மாறிற்றேயன்றிச் சுமை இறங்கவில்லை.

இனி, காரைக்காலம்மையாரை எடுத்துக்காட்டி, 'அழகை அவர் உதறினாரல்லரோ. நீ ஏன் அழுகின்றாய்' என்பார்க்கு விடை கூறவேண்டும். கணவன் தம்மைத் தெய்வமென்று வணங்கி நீங்கியபின், அவன்பொருட்டுத் தாங்கிய வனப்பை இனித் தாங்கேன் என்று அவர் தாமே வேண்டிப் பேயுரு பெற்றார். வேண்டி விடுதல் துறவு. வேண்டாதிருக்கப் பறிபோதல் இழப்பு. துறந்தாரது அமைதியை இழந்தாரிடத்து உடனே எதிர்பார்த்தல், பொருளைத் தானஞ் செய்தவனையும் கள்வனிடம் பறிகொடுத்தவனையும் ஒருங்கு நிறுத்தி, பின்னவனை நோக்கி 'நீ ஏன் மகிழ்ந்திலை' என்று கேட்பது போலாம். இழப்பு ஒருகாற் பற்றறுதற்கு வாயிலாதல் கூடும். அவ்வாயிலை அவளே, அவளுக்குரிய காலத்தில், திறந்துகொள்ளல் வேண்டும்; பிறர் தள்ளித் திறத்தல் ஆகாது.

ஆயினும் அம்மையார் வரலாற்றில் அவளுக்கு உரியதொன்று உண்டு. தலையால் நடந்து கயிலை ஏறிவந்த அவ்வுருவைக் கண்டு உமையம்மையார் வியந்து வினவ, இறைவன் 'இவள் நம்மைப் பேணும் அம்மை' என்னும் கருத்துப்படக் கூறி, 'அம்மையே' என்று அழைத்தான். உலகம் கண்டு அஞ்சி விலகிய உருவத்தை நோக்கி வந்த அழைப்பு அது. பின்னர் அவர் இறைவன் திருவடிக்கீழ் இருந்து பாடிய திருவாலங்காட்டிலேதான் அம்மைக்கு வண்டார்குழலி என்று பெயர். வண்டு மொய்க்கும் குழலுடையாளும், பேயுருக் கொண்டாளும் ஒரே மன்றில், ஒரே ஆடலைக் கண்டிருக்கின்றனர். குழலுடைமை ஒருத்தியை அணிமையாக்கவும் இல்லை. குழலின்மை ஒருத்தியைச் சேய்மையாக்கவும் இல்லை. கூந்தலை இழந்த பெண் திருக்கோயிலுக்குச் செல்ல நாணுதல் பெரும்பாலும் அங்கு வருவார் கண்களுக்கு அஞ்சியேயன்றி, அங்கிருப்பான் கண்ணுக்கு அஞ்சியன்று.

அவள் தன்னளவில் வினைக்கொள்கையை வழங்கிக்கொள்ளுமாறும் இதனோடு தொடர்ந்ததே. உடம்பு மாயையின் காரியம். உயிர்க்கு அறிவு விளங்குதற்பொருட்டு விளக்குப்போல இறைவனால் தரப்பட்டது. விளக்கின் ஓர் அணி கழன்றது; சுடர் குன்றவில்லை. நுகர்வினை நுகரத் தீரும். அதனை நுகருங்கால் வெறுப்பாலும் சினத்தாலும் புதிய வினை ஏறாதபடி காத்துக்கொள்ளுதலே அவள் செயற்பாலது. அழுதல் ஏறுவினையாகாது. அழுகையைக் கண்டு நகைத்தல் ஏறுவினையாம். அது நகைத்தவர் கணக்கில் ஏறும். இவ்வளவு தெளிவு அவளுக்குள் பிறக்குமாயின் நன்று. பிறவாதிருப்பினும் அவள் சைவத்தினின்று வழுவினாள் என்பதில்லை.

சவுரி வைத்து முடித்தலும், பொய்ம்முடி அணிதலும் பொய்யொழுக்கமோ என்று ஐயுறுவாரும் உளர். மழித்தலையும் நீட்டலையும் வேண்டா என்று வள்ளுவனார் விலக்கியது கூடாவொழுக்கத்துத் தவவேடத்தாரை நோக்கி. உள்ளத்தில் இல்லாத துறவைத் தலையிற் காட்டி உலகை ஏமாற்றுவார்க்கு உரியது அவ்விலக்கு. வெறித்த பார்வையினின்று தன்னை மறைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு அதனால் வருவதோர் இழுக்கில்லை. உடுத்தல் பொய்யாகாதவாறே அதுவும் பொய்யாகாது. மணம் பேசுமிடத்து மட்டும் நிலைமை வேறாம். ஆண்டு மற்றொருவர் இசைவு அதனைச் சார்ந்து நிற்றலின், மறைத்தல் தகாது. பெற்றோர் பெரும்பாலும் அஞ்சி மறைக்கும் இடமும் அதுவே.

மானக்கஞ்சாற நாயனார் மனையில் நிகழ்ந்ததை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். கஞ்சாறூரில் அவர் மகளார்க்குத் திருமண நாள். மாவிரதி வேடங்கொண்டு வந்த இறைவன், வணங்கி எழுந்த மணமகளின் கூந்தல் தன் பஞ்சவடிக்கு ஆகும் என்றான். நாயனார் உடைவாளை உருவி அடியோடு அரிந்து அளித்தார். முனிவன் மறைந்தான்; மேலே விடைமேல் அம்மையோடு தோன்றி அருள்செய்து நீங்கினான். அதன்பின் வந்து சேர்ந்த மணமகனார் ஏயர்கோன் கலிக்காமர். நிகழ்ந்தது ஒன்றும் அவர்க்கு மறைக்கப்படவில்லை. கேட்டு அவர் உவந்தார். சிந்தை தளரவும் செய்தார். முடியற்ற பெண்ணை மணத்தல் எங்ஙனம் என்று தளர்ந்தார் எனக் கதை சொல்வாரும் உளர். முன்னர் மிக உவந்தார் என்றும் இறைவன் அருளைப் போற்றினார் என்றும் சேக்கிழார் கூறியிருத்தலின், அக்காட்சி தமக்கு வாய்த்திலதே என்னும் தளர்ச்சியாகக் கொள்ளுதலே பொருந்தும். அவரும் நாயன்மாருள் ஒருவரன்றோ? எவ்வாறாயினும், அத்தளர்ச்சிக்காக அவரை எவரும் கடிந்திலர்; மயிர்க்கு இரங்கலாமோ என்று மணமகட்கு எவரும் உபதேசித்திலர். அம்மகளின் குழல் இறைவன் அருளால் முன்போல மலரணிந்து வளர்ந்தது. மணமும் அன்றே நடந்தது. தானே வேண்டிப் பெற்ற கூந்தலைத் திரும்ப அளித்தல் சிறிதென்று இறைவன் எண்ணவில்லை.